பித்தநீர் வழியும் அதனைத் திறக்கும் கருவியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சென்ற மாதக் கூட்டத்தின் இறுதியில் நமது செயலாளரவர்கள் எம்மை நோக்கி, "அடுத்த கூட்டத்தில் தாங்கள் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுதல் வேண்டும்" என்று பணித்தார்கள். தமிழாசிரியரிடத்து இலக்கியப் பொருளையே எதிர்பார்த்தல் இயல்பு. ஆயினும் யாம் இன்று எடுத்துக்கொண்டது ஒரு வைத்தியக் கருவியைப் பற்றியது. யாம் வைத்தியர் அல்லோம். இப்பொருளிற் புகுவதற்கு எமக்குள்ள உரிமை, எம் குடும்பத்தில் எம்முடைய பிழையால் நேரவிருந்த ஒரு பெருந்துன்பமேயாகும். அப்பிழை நம்மவருள் பிறர்க்கும் நேராதிருத்தல் வேண்டுமென்பதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் தமக்கையார்க்குக் கண்கள் மஞ்சளித்தன. சிறுநீர் கறுத்த தேயிலைநீர் போலாயிற்று. உடம்பெங்கும் அரிப்பு. மலமோ நிறமிழந்து வெளிறிய களிமண் போலிருந்தது. வீட்டார் எம்மை வினவினர். பழைய வைத்திய நூல்களிற் சிறிது பழகிய செருக்கினால் யாம் சற்றும் தயங்காது, "இது காமாலை, கீழாநெல்லியை அரைத்து மோரிற் கலந்து காலையில் வெறுவயிற்றில் கொடுங்கள், உப்பும் எண்ணெயும் நீக்குங்கள்" என்றோம். பதினெட்டு நாட்கள் அவ்வாறே நடந்தது. பத்தொன்பதாம் நாள் இரவு குளிர் நடுக்கத்தோடு கடுஞ்சுரம் கண்டது. வலது விலாவின் கீழ் பொறுக்கலாகாத வலியும் எழுந்தது. விடிவதற்குள் அறிவு தடுமாறலாயிற்று. எம் மருகன் எம்மைக் கேளாமலே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றான். அவன் அன்று எம்மைக் கேட்டிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றே சொல்லியிருப்போம் என்பதை இச்சபையில் ஒளியாது சொல்லுகின்றோம்.

அங்கே இரத்தத்தைச் சோதித்து, ஒலியலைப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, பித்தநீர்க் குழலில் கற்கள் அடைத்திருக்கின்றன, மேலே தேங்கிய பித்தநீர் சீழ்பட்டுவிட்டது என்றனர். வாய்வழியே ஒரு நீண்ட கருவியைச் செலுத்தி அவ்வடைப்பைத் திறந்தனர். கொண்டைக்கடலையளவினவாகிய இரண்டு கற்கள் வெளிவந்தன. வயிற்றின்மேல் ஒரு கீறலும் இல்லை. தமக்கையார் பிழைத்தார். அவரைப் பார்த்த வைத்தியர், யாம் நாணி நிற்பதைக் கண்டு, "இலை இவரைக் கெடுக்கவில்லை, ஐயா, கழிந்த நாட்களே கெடுத்தன" என்று மென்மையாகக் கூறினார். அன்றுமுதல் இப்பொருளை வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் அறிந்து வந்தோம். அவற்றைச் சுருக்கிச் சொல்லுகின்றோம்.

முதற்கண் அறிய வேண்டுவது, காமாலை என்பது நோயின் பெயரன்று, நோயின் அடையாளம் என்பதே. நம் இரத்தத்தின் செவ்வணுக்கள் முதிர்ந்து சிதையுங்கால் மஞ்சள் நிறமுடைய ஒரு பொருள் உண்டாகின்றது. அதற்குப் பிலிரூபின் என்று பெயர். கல்லீரல் அதனைப் பக்குவப்படுத்திப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்புகின்றது. மலத்திற்கு நிறம் கொடுப்பது அதன் விளைவேயாம். கல்லீரல் தானே நோயுற்றுத் தன் தொழிலைச் செய்ய மாட்டாதபோது கண் மஞ்சளிக்கும். கல்லீரல் செவ்வனே தொழில் செய்தும், பித்தநீர் செல்லும் வழி அடைபட்டுப்போனாலும் கண் மஞ்சளிக்கும். முன்னது ஊற்றில் நேர்ந்த குற்றம். பின்னது வாய்க்காலில் நேர்ந்த அடைப்பு. வாய்க்காலில் பாறை விழுந்து கிடக்க, ஏரிக்கு மருந்திட்டுப் பயன் என்னை?

கீழாநெல்லியை யாம் இகழ்கின்றோம் என்று எவரும் எண்ணற்க. சென்னை ஆராய்ச்சியாளர்கள் அவ்வகைப் பூண்டு ஒன்றினைக் கல்லீரல் அழற்சிக் கிருமிகளுள் ஒன்றாகிய பி வைரஸைச் சுமந்திருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நற்பயன் கண்டதாக 1988-ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து 'லான்செட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டனர். பிற இடங்களில் செய்த சோதனைகளில் அப்பயன் அவ்வாறே விளங்கவில்லை. அது நிற்க. ஒன்று உறுதி: எவ்விலையும் குழலில் அடைத்த கல்லை உருட்டி வெளியே தள்ளாது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழி தேடுக என்று ஒழுங்கு வகுத்திருக்கின்றது. அதனை ஆண்டுதோறும் மாணவர்க்குக் கற்பிக்கின்ற யாமே, வீட்டில் ஒரு நோய் வந்தபோது காரணம் வினவாது மருந்து சொன்னோம்.

இனி அவ்வழியின் அமைப்பைக் கூறுவோம். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர்க் குழல், பித்தப்பையின் கிளையையும் சேர்த்துக்கொண்டு கீழிறங்குகின்றது. அதன் அகலம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டரே. இரைப்பைக்குப் பின்னே கணையம் என்னும் சுரப்பி குறுக்காகக் கிடக்கின்றது. நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். உண்ட உணவைச் செரிப்பிக்கும் நீரையும், சர்க்கரையை அடக்கும் இன்சுலினையும் சுரப்பது அதுவே. அதன் குழலை 1642-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்துப் பதுவா நகரில் விர்சுங் என்பவர் ஒரு பிணத்தை அறுத்து ஆராயுங்கால் கண்டார். அக்குழலும் பித்தநீர்க் குழலும் பெரும்பாலோர்க்கு ஒன்றுகூடி முன்சிறுகுடலின் உட்சுவரில் ஒரு சிறு முகிழ் போன்ற இடத்திலே திறக்கின்றன. அவ்விடத்தை ஜெர்மானியராகிய வாட்டர் என்பவர் 1720-இல் விவரித்தமையால் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. அவ்வாயிலைச் சுருக்கியும் விரித்தும் காக்கும் தசைவளையத்தை 1887-இல் ஓடி என்னும் இத்தாலிய மாணவர் விளக்கினார்.

இச்சிறு வாயிலில் ஒரு கல் சிக்கினால் இரண்டு சுரப்பிகளின் வழியும் ஒருங்கே கெடலாம். பித்தநீர் தேங்கினால் காமாலையும், தேங்கியது அழுகினால் சுரமும், கணையநீர் தேங்கினால் கணைய அழற்சியும் உண்டாகின்றன. காமாலை, குளிர்சுரம், வலது மேல்வயிற்று வலி என்னும் மூன்றும் கூடுதல் பித்தநீர்க் குழல் அழுகலின் அடையாளம் என்று பிரெஞ்சு வைத்தியராகிய ஷார்கோ 1877-இல் எழுதினார். எம் தமக்கையார்க்கு அன்றிரவு கூடியவை அம்மூன்றுமே.

முன்னாளில் இவ்வடைப்பை நீக்க வயிற்றைக் கீறுதலன்றி வேறு வழியில்லை. முதியோரும், சுரத்தால் நலிந்தோரும் அதனைத் தாங்கமாட்டாது இறந்ததுண்டு. உடலின் உள்ளே நோக்குவதற்கு வளையாத குழாய்களே பலகாலம் பயன்பட்டன. ஒளி வளைந்து செல்லுதற்கு வழி கண்டவருள் நம் நாட்டவர் ஒருவரும் உளர். பஞ்சாபிலே மோகா என்னும் ஊரிற் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்பார், லண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு கூடி, மயிரிழை போன்ற கண்ணாடி நார்களைக் கற்றையாகக் கட்டி அதன்வழியே உருவத்தைக் கடத்தலாமென்று 1954-இல் காட்டினார். நம் புதுவை பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கிய ஆண்டும் அதுவே. மூன்று ஆண்டுகள் கழித்து ஹிர்ஷோவிட்ஸ் என்பவர் அமெரிக்காவில் அத்தகைய நாரினால் வளையும் உள்நோக்குக் கருவியைச் செய்தார். 1968-இல் அமெரிக்காவில் மக்கியூன் என்னும் அறுவை வைத்தியரும் அவர் துணைவரும் அச்சிறு வாயிலுக்குள் குழாய் செலுத்தியமையை அறிவித்தனர். ஜப்பானியர் அக்கருவியைத் திருத்திச் சிறப்பித்தனர். 1974-இல் ஜப்பானில் கவாய் குழுவினரும், ஜெர்மனியில் கிளாசன், டெம்லிங் என்போரும் அவ்வாயிலின் தசையை உள்ளிருந்தே மின்சாரத்தால் அறுத்து அகலமாக்கிக் கல்லெடுக்கும் முறையை வெளியிட்டனர். அதுகாறும் பார்க்கும் கருவியாக இருந்தது, அதன்பின் தீர்க்கும் கருவியாயிற்று.

இச்சிகிச்சையை வைத்தியர்கள் 'ஈ.ஆர்.சி.பி.' என்று நான்கெழுத்தாற் குறிப்பர். கருவியின் பெயர் 'டியோடினோஸ்கோப்'. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர், பருமன் சுண்டுவிரலளவு. சாதாரண உள்நோக்குக் கருவிக்குக் கண் முனையிலே இருக்கும். இதற்கோ கண் பக்கவாட்டில் இருக்கின்றது. வாயில் குடலின் பக்கச்சுவரில் இருத்தலால் இவ்வமைப்பு வேண்டுவதாயிற்று. கண்ணருகே சிறு நெம்பு ஒன்றுண்டு. உள்ளே செலுத்தும் கம்பியை அது வேண்டிய கோணத்தில் தூக்கிக் கொடுக்கும்.

நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்திக் கருவியை வாய், உணவுக்குழல், இரைப்பை இவற்றின் வழியே முன்சிறுகுடலுக்குச் செலுத்துவர். மெல்லிய வழிகாட்டிக் கம்பியை வாயிலினுள் நுழைத்து, சாயநீரைப் பெய்து, எக்ஸ்ரே திரையில் குழலின் வடிவத்தைக் காண்பர். பின்னர் வில்நாண் போன்ற கம்பியால் வாயிலை அகலமாக்கி, சிறு கம்பிக் கூடையாலேனும் ஊதிய பலூனாலேனும் கல்லை வெளியே இழுப்பர். பெரிய கல்லாயின் நசுக்கியோ, குழலுக்குள்ளேயே செல்லும் சிறுநோக்கியின் துணையால் லேசர் முதலியவற்றாற் பொடித்தோ எடுப்பர். புற்றுநோயால் குழல் நெரிபட்டிருந்தால் பிளாஸ்டிக்காலோ உலோகத்தாலோ ஆகிய சிறு குழாயை அங்கே வைப்பர். அதற்கு 'ஸ்டென்ட்' என்று பெயர். அக்குழாயின் பருமனை உலகெங்கும் 'பிரெஞ்சு' என்னும் அளவாற் குறிக்கின்றனர். பாரிஸ் நகரத்துக் கருவிக் கம்மியராகிய ஷாரியேர் வகுத்த அளவு அது. ஒரு பிரெஞ்சு என்பது மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு. பத்துப் பிரெஞ்சுக் குழாய் என்று வைத்தியர் சொன்னால், புதுவையிலே நாம் பிரெஞ்சு மொழியோ என்று மயங்க வேண்டுவதில்லை. மூன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த பருமன் என்பதே பொருள்.

இச்சிகிச்சைக்கு நாம் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. பிரெஞ்சு அரசினர் 1823-இல் இந்நகரில் ஒரு வைத்தியப் பாடசாலையை நிறுவினர். 1956-இல் அதனை இந்திய அரசினர் ஏற்றுத் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி எனப் பெயரிட்டனர். 1964-இல் அது கோரிமேட்டில் ஜிப்மர் என வளர்ந்து, 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. அங்குள்ள இரைப்பை குடல் நோய்ப் பிரிவில் இச்சிகிச்சை நடைபெறுகின்றது. முத்தியால்பேட்டையிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய இடம் அது. அருகில் இருந்தும் நாட்கடந்து செல்லுவோமாயின், அக்குறை நம்முடையதே.

கணையத்தைப் பற்றியும் ஒரு சொல். தென்னிந்தியாவில் இளம்பருவத்திலேயே கணையத்திற் கற்கள் விளைந்து, தீராத வயிற்றுவலியும் பின்னர் நீரிழிவும் உண்டாக்கும் ஒரு நோய் உண்டு. மதுவைத் தொடாதவர்க்கும் அது வரும். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் அதனை விரிவாக ஆராய்ந்தார். சென்னையில் டாக்டர் வி. மோகன் முதலியோர் அதனால் வரும் நீரிழிவை ஆராய்ந்தனர். மரவள்ளிக்கிழங்கே காரணமென்று ஒரு காலத்தில் ஐயுற்றனர், அது நிலைநாட்டப்படவில்லை. மரபணுக்களின் மாறுபாட்டிற்குத் தொடர்புண்டென்று பின்னாளில் அறிந்தனர். ஆதலால் வயிற்றுவலியால் துன்புறும் இளைஞனைக் குடிகாரனென்று ஆராயாமற் பழித்தல் தகாது. ஐதராபாத்தில் டாக்டர் நாகேஸ்வர ரெட்டி நிறுவிய மருத்துவமனையில், உடலின் வெளியிலிருந்து அதிர்வலைகளைச் செலுத்திக் கணையக் கற்களைப் பொடித்து, பின்னர் இக்கருவியால் வெளிக்கொணரும் முறை மிகப்பல நோயாளிகட்குச் செய்யப்பட்டு வருகின்றது.

எனினும் கணையத்தைக் கெடுக்கும் காரணங்களுள் மது தலையாயதொன்று என்பதை மறைத்தல் பாவம். மதுக்கடைகள் மலிந்த நம் நகரிலே, விழாக்களிலும் துக்க வீடுகளிலும்கூட அது புகுந்துவிட்டது. புகையிலையும் அதற்குத் துணை. கருவி கல்லை எடுக்கும். அழிந்த கணையத்தை மீட்டுத் தாராது.

இக்கருவியைப் புகழ்ந்து சொன்ன யாம் அதன் குறைகளையும் சொல்லாதொழிதல் நேர்மையன்று. இச்சிகிச்சை பெறுவோர் 100 பேரில் ஏறத்தாழ 3 முதல் 10 பேர்க்குக் கணைய அழற்சி வருவதுண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தணியும், சிலர்க்குக் கொடிதாகும். இரத்தப்போக்கும் குடலிற் பொத்தலும் அரிதாக நேர்வதுண்டு. ஆதலாலேயே, வெறுமனே பார்த்தற்பொருட்டு இதனை இந்நாளில் செய்வதில்லை. பார்ப்பதற்குக் காந்தப் படமும், கருவியின் முனையிலேயே ஒலியலைக் கருவி பொருத்திய வேறொரு உள்நோக்கியும் உள்ளன. தீர்க்க வேண்டியது உண்டென்று தெளிந்த பின்னரே இதனைக் கையாளுவர். அந்நெம்பின் இடுக்கில் அழுக்கு தங்கினால் ஒருவர் கிருமி மற்றொருவர்க்குப் பரவும். அமெரிக்காவில் இவ்வாறு நோயாளிகள் துன்புற்றமையால், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிலையத்தார் 2015-இல் எச்சரிக்கை விடுத்தனர். ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் கருவிக்கு 2019-இல் இசைவளித்தனர். ஆதலால் சிகிச்சைக்கு முன்னர், "கருவி எவ்வாறு தூய்மை செய்யப்படுகின்றது?" என்று பணிவோடு கேட்டல் குற்றமாகாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்போர் அதனையும், பெண்டிர் கருவுற்றிருப்பின் அதனையும் மறவாது வைத்தியர்க்கு உரைத்தல் வேண்டும்.

இன்னும் ஒன்று மிக முக்கியம். பிளாஸ்டிக் குழாய் வைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்று மாதங்களில், அன்றி வைத்தியர் குறித்த நாளில், மீண்டும் சென்று அதனை எடுத்தலோ மாற்றுதலோ வேண்டும். மஞ்சள் நீங்கி, அரிப்பு ஒழிந்து, உணவு இனித்தவுடன் பலர் அக்குழாயை மறந்துவிடுகின்றனர். உள்ளிருக்கும் குழாய் மெல்ல அடைபட்டு, பழைய சுரம் முன்னிலும் கொடியதாகத் திரும்புகின்றது. பித்தப்பையிற் கற்கள் இருப்போரும், குழற்கல் எடுத்ததோடு நில்லாது, பித்தப்பையை அகற்றுதல் பற்றி வைத்தியரைக் கேட்டல் வேண்டும். ஊற்று இருக்குமளவும் கற்கள் மீண்டும் இறங்கலாம்.

அன்பர்களே! நம் சங்கத்தார் செய்யத்தக்கவை மூன்று என்று எமக்குத் தோன்றுகின்றது.

முதலாவது, கண் மஞ்சளித்தவர் எவராயினும், இலை கொடுப்பினும் கொடாவிடினும், அவ்வாரத்திற்குள்ளேயே இரத்தச் சோதனையும் ஒலியலைப் படமும் செய்தல் வேண்டும் என்பதை வீடுதோறும் சொல்லுதல். மலம் வெளிறுதல், உடலரிப்பு, வயிற்று வலி இவை கண்டால் அன்றே செல்லுக. குளிர்சுரமும் கூடிவிட்டால் அந்நாழிகையே செல்லுக. வலியே இல்லாமல் முதியோர்க்கு வரும் காமாலையை இலேசாக எண்ணற்க. கணையத் தலையிற் புற்று வளர்வதன் முதல் அடையாளமாக அஃது இருத்தல் கூடும்.

இரண்டாவது, மருத்துவமனையில் எவ்விடத்திற் சீட்டு எழுதுவது, எப்பிரிவிற்குச் செல்வது என்றறிந்த இளைஞர் இருவரைத் தெருவுக்குத் தெரு அமைத்தல். தனித்துவரும் முதியோர்க்கும் விதவைகட்கும் நோயினும் கொடியது அந்த அலைச்சலே. உடன் செல்வார்க்கு வண்டிச் செலவும் உணவுச் செலவும் நம் பொது நிதியிலிருந்து தருதல் நன்று.

மூன்றாவது, குழாய் வைக்கப்பட்டவர் விரும்பினால், அவர் மீண்டும் செல்ல வேண்டிய நாளைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஒரு வாரத்திற்கு முன் நினைவூட்டுதல். திருமணத் தேதிகளை நினைவில் வைத்து மொய் எழுதும் நமக்கு இது அரிதன்று.

இவ்வுதவிகளை நங்குலத்தார்க்கு மட்டும் என்று வரையறுக்க வேண்டா. அக்கருவி எவர் வயிற்றினுள்ளும் குலம் வினவிப் புகுவதில்லை. அடுத்த வீட்டார் கண் மஞ்சளித்தாலும் நம் பிள்ளைகள் உடன் செல்லட்டும். நம் சங்கத்திற்கு அதனினும் பெரும்புகழ் வேறில்லை.

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று ஒரு பழமொழி வழங்குகின்றது. கண்ட மஞ்சளெல்லாம் ஒரே காமாலை என்று எண்ணிய எம் கண்ணே அன்று நோயுற்றிருந்தது. எம் தமக்கையார் நலமாக இருக்கின்றார். இன்று இக்கூட்டத்திற்கும் வந்து தாய்மார்களிடையே அமர்ந்திருக்கின்றார். இவற்றையெல்லாம் சபையிற் சொல்லுக என்று எமக்குக் கட்டளையிட்டவரும் அவரே. அவர் கட்டளையை நிறைவேற்றினோம்.